சக்கரத்தின்மேல் ஒரு வீடு: குளிர்காலமும் தொலைப்பணியும்

முன்னுரை

கடந்த தீபாவளிக்குக் கிள்ளானில் பாட்டி வீட்டில் கூடியிருந்தோம். சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, ஒரு செய்தியைச் சொன்னான். அவன் கோலாலம்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் முழுநேர ஊழியன். பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த நாளிலிருந்து அவனுடைய வேலையில் பாதி அந்த அறையிலேயே நடக்கிறது. "எப்படியும் அறையில்தானே வேலை செய்கிறேன்? அடுத்த குளிர்காலத்தில் ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்து, அரிசோனாப் பாலைவனத்தில் இருந்துகொண்டு வேலை செய்யப் போகிறேன்," என்றான்.

ஆர்.வி. என்றால் என்ன என்று பாட்டி கேட்டார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி என்று விளக்கினோம். பாட்டி சற்று யோசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வேல போச்சுன்னா அந்த வண்டியும் போயிருமா?"

அன்று எல்லாரும் சிரித்துவிட்டோம். பிறகு யோசித்துப் பார்த்தபோது அது சிரிக்க வேண்டிய கேள்வி அன்று எனப் புரிந்தது. தம்பி தன் திட்டத்தைச் சரிபார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டிருந்தான். அவனுக்காகப் போட்ட கணக்குகளையே இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். படித்து முடித்து வேலைக்குச் செல்லவிருக்கும் நம் மாணவர்களில் பலர் இதே கனவைக் காணக்கூடும். கனவு காண்பது தவறன்று. கணக்குப் போடாமல் புறப்படுவதுதான் தவறு.

வண்டியே வீடாக வாழ்ந்தவர்கள்

வண்டியில் குடும்பத்தோடு வாழ்ந்து, வண்டியிலேயே தொழில் செய்வது தமிழருக்குப் புதிதன்று. சங்க இலக்கியம் படித்தவர்கள் உமணரை அறிவார்கள். நெய்தல் நிலத்தில் விளைந்த உப்பை மாட்டு வண்டிகளில் ஏற்றி, உள்நாட்டுக்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றியவர்கள் அவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவர்களுடைய வண்டி வரிசையைக் காணலாம். வண்டியின் முகப்பில் காடிப்பானை தொங்குகிறது. கையில் குழந்தையோடு பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். சமையல், பிள்ளை வளர்ப்பு, வாணிகம் ஆகிய மூன்றும் சாலையிலேயே நடக்கின்றன.

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் இந்த உமணரின் முன்னெச்சரிக்கை ஒன்றைக் குறிப்பிடுகிறார். வழியில் மேடு எது, பள்ளம் எது என்று யாரும் சொல்ல முடியாது. ஆகவே வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்வார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாராட்ட ஔவையார் அதை உவமையாகக் கொண்டார். நாம் அதை ஒரு பாடமாகவே கொள்ளலாம். அச்சு முறியுமா, முறியாதா என்று உமணர் வாதாடவில்லை. முறிந்தால் என்ன செய்வது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்தனர். கீழே வரும் ஒவ்வொரு கணக்கிலும் 'இதற்குச் சேம அச்சு எது?' என்ற கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

குளிர்காலப் பறவைகள்

வட அமெரிக்காவில் குளிர்காலத்தில் தெற்கு நோக்கி ஆர்.வி.யில் செல்வோரைப் 'பனிப்பறவைகள்' என்று அழைக்கிறார்கள். இவர்களுள் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் என்னும் சிற்றூர் இவர்களுக்குப் பெயர்பெற்ற இடம். அமெரிக்க மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை 1983-இல் நீண்டகால வருகையாளர் பகுதிகளை உருவாக்கியது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரையிலான 7 மாதங்களுக்கு அங்கே கட்டணம் செலுத்தித் தங்கலாம். அத்துறையின் மற்றப் பொது நிலங்களில் பொதுவாக ஓரிடத்தில் 14 நாள்களுக்கு மேல் தங்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஜெசிக்கா புரூடர் 2017-இல் வெளியிட்ட 'நோமட்லேண்ட்' என்னும் நூல், வீட்டுச் செலவைத் தாங்க முடியாமல் வண்டிக்கு வந்த முதியவர்களைப் பற்றியது. கிடங்குகளிலும் முகாம்களிலும் பருவகால வேலை தேடி அவர்கள் ஊர் ஊராகச் செல்கிறார்கள். அதைத் தழுவிக் குளோயி சாவ் இயக்கிய திரைப்படம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருதைப் பெற்றது. ஆக, ஒரே முகாமில் விரும்பி வந்தவரும் இருக்கிறார், வேறு வழியின்றி வந்தவரும் இருக்கிறார். வண்டியைப் பார்த்து யார் எவர் என்று சொல்ல முடியாது. திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறதா என்பதே இருவருக்கும் உள்ள வேறுபாடு.

முதல் கணக்கு: மின்சாரம்

தொலைப்பணி செய்பவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? வாட் அளவை மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். தம்பியின் பட்டியல் இது:

மடிக்கணினி: 60 வாட், 9 மணி நேரம் = 540
கூடுதல் திரை: 25 வாட், 9 மணி நேரம் = 225
கைப்பேசி வழி இணையக் கருவி: 10 வாட், 12 மணி நேரம் = 120
சிறிய குளிர்பெட்டி: நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 500
சூடேற்றியின் விசிறி: 85 வாட், 8 மணி நேரம் = 680
விளக்கு, கைப்பேசி மின்னேற்றம்: 100
மொத்தம்: 2,165 வாட்-மணி

அடுப்பும் சூடேற்றியும் எரிவாயுவில் எரிந்தாலும் சூட்டைப் பரப்பும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும். இப்பட்டியலில் அதுவே பெரிய செலவு என்பதைக் கவனிக்கவும்.

இனி வரவைப் பார்ப்போம். கூரையில் 400 வாட் சூரியத் தகடு இருப்பதாகக் கொள்வோம். டிசம்பரில் தென் அரிசோனாவில் தகடு கூரைமேல் தட்டையாகக் கிடந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கும். இழப்பைக் கழித்து 75 விழுக்காடு என்று கணக்கிட்டால் 900 வாட்-மணி. அதே தகட்டைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிறுத்தினால் 5 மணி நேரம், அதாவது 1,500 வாட்-மணி. கனடாவின் டொரொண்டோவில் தட்டைத் தகட்டுக்கு 1 மணி நேரம்தான் கிடைக்கும். வரவு வெறும் 300. நம் கோலாலம்பூரில் டிசம்பரில் ஏறத்தாழ 4 மணி நேரம்; வரவு 1,200.

எந்த ஊரிலும் வரவு செலவை எட்டவில்லை. அரிசோனாவில் தகட்டை 600 வாட் ஆக்கிச் சாய்த்தும் வைத்தால் 2,250 கிடைக்கும். அப்பொழுதுதான் கணக்கு நேராகும். அதுவும் மேகம் இல்லாத நாளில் மட்டுமே. ஆகவே மின் இணைப்புள்ள முகாமே இங்குச் சேம அச்சு. 30 ஆம்பியர், 120 வோல்ட் இணைப்பு ஒன்று 3,600 வாட் வரை தாங்கும்.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு சொல். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில மின்கலத்தில் எழுத்தளவில் 1,200 வாட்-மணி இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். நமக்குக் கிடைப்பது 600. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் ஏறத்தாழ முழு 1,280-உம் பயன்படும். எனினும் 0 பாகைக்குக் கீழ் அதற்கு மின்னேற்றக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து மின்கலம் நிரந்தரமாகக் கெடும். குளிர்நாட்டில் அதை வண்டியின் உட்புறத்தில் வைப்பதற்குக் காரணம் இதுவே.

இரண்டாம் கணக்கு: சூடும் ஈரமும்

நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குக் குளிரின் கணக்கு பழக்கமில்லை. பாலைவனம் என்றால் வெப்பம் என்றே நினைப்போம். ஆனால் குளிர்கால இரவில் அரிசோனாப் பாலைவனத்தில் நீர் உறையும் அளவுக்கும் வெப்பம் இறங்கும்.

9 கிலோ புரொப்பேன் கொண்ட ஒரு சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். ஆர்.வி.யில் உள்ள சாதாரணச் சூடேற்றி நிற்காமல் எரிந்தால் அதனை ஏறத்தாழ 14 மணி நேரத்தில் தீர்த்துவிடும். மூன்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் எரிந்தால் 42 மணி நேரம், அதாவது இரண்டு நாள் கூட இல்லை. இந்தச் செலவை யாரும் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதில்லை.

புரொப்பேன் -42 பாகையில் கொதிக்கும். பியூட்டேன் 0 பாகைக்குச் சற்றே கீழ்தான் கொதிக்கும். நம் நாட்டுச் சமையல் எரிவாயு இவ்விரண்டின் கலவை. நமக்கு அது போதும். உறைகுளிரில் பியூட்டேன் ஆவியாகாமல் சிலிண்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் குளிர்நாட்டு ஆர்.வி.களில் புரொப்பேன் பயன்படுகிறது.

அடுத்தது ஈரம். 1 கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகும். ஒருவர் மூச்சாலும் வியர்வையாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் நீரை வெளியிடுகிறார். புகைபோக்கி இல்லாத சூடேற்றியை உள்ளே எரித்தால் இவ்வளவு நீரும் குளிர்ந்த சன்னலிலும் மெத்தைக்கு அடியிலும் படிந்து பூஞ்சை பிடிக்கும். அதைவிடக் கொடியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடிக்கும். புகைபோக்கியுள்ள சூடேற்றி, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, சற்றே திறந்த சன்னல் ஆகிய மூன்றில் எதையும் விட்டுவிடக் கூடாது.

மூன்றாம் கணக்கு: நேரம்

தம்பி இதை மறந்தே போயிருந்தான். கோலாலம்பூருக்கும் அரிசோனாவுக்கும் 15 மணி நேர வேறுபாடு. நம் நிறுவனத்தில் திங்கட்கிழமை காலை 9 மணி என்றால் அங்கே ஞாயிறு மாலை 6 மணி. நம் மாலை 6 மணி அவர்களுடைய அதிகாலை 3 மணி. டிசம்பரில் அங்கே மாலை 6 மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும்.

இதன் பொருள் என்ன? அவனுடைய முழு வேலை நேரமும் இரவு. அந்த 9 மணி நேரத்தில் சூரியத் தகடு ஒரு வாட் கூடத் தராது. கணினி, திரை, சூடேற்றி எல்லாம் மின்கலத்தை மட்டுமே நம்பியிருக்கும். பகலில் மலையும் வானமும் கண்ணுக்கு விருந்தாக இருக்கும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். இதைச் சொன்னபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை.

இணையத்திற்கும் சேம அச்சு வேண்டும். ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டத்திற்கு ஏறத்தாழ 1 கிகாபைட் தேவைப்படலாம். இரு வேறு நிறுவனங்களின் கைப்பேசி இணைப்புகளை வைத்துக்கொள்வது ஒரு வழி. ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணைப்பு இன்னொரு வழி. அது 2023 ஜூலை முதல் மலேசியாவிலும் கிடைக்கிறது. ஆனால் அதன் வழக்கமான அலைவாங்கி 50 வாட்டுக்கு மேல் உண்ணும். 12 மணி நேரத்திற்கு 600 வாட்-மணி கூடுதல் செலவு.

நான்காவது: சட்டம்

அமெரிக்கச் சுற்றுலா விசா வேலை செய்வதற்கு உரிமை தருவதன்று. 'சம்பளம் மலேசியாவில்தானே வருகிறது' என்று நாமாகவே சமாதானம் சொல்லிக்கொண்டு போய் எல்லையில் மாட்டிக்கொள்ளக் கூடாது. தம்பியின் அரிசோனாத் திட்டம் இங்கேயே நின்றது. கனடாவின் குடிவரவுத் துறையோ, வருகையாளராக வந்தவர் 6 மாதம் வரை தங்கி, வெளிநாட்டு முதலாளிக்குத் தொலைவிலிருந்து வேலை செய்வதை ஏற்கிறது. மலேசியர்களுக்கு அதற்கும் விசா தேவை.

நம் நாட்டின் நிலை என்ன? 2023 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வேலை நேரம், நாள், இடம் ஆகியவற்றை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்துப்பூர்வமாக விண்ணப்பிக்க வழி செய்திருக்கிறது. முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கேட்கும் உரிமை உண்டு. கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை. நம்மிடம் வந்து வேலை செய்ய விரும்பும் வெளிநாட்டவருக்காக மலேசியா 2022-இல் 'டி.இ. ரந்தாவ்' என்னும் அனுமதித் திட்டத்தைத் தொடங்கியது. 3 முதல் 12 மாதம் வரை தங்கலாம்; மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். குளிருக்குத் தப்பி வருவோருக்கு நம் ஊரே அரிசோனாவாகிறது!

கிள்ளான் பள்ளத்தாக்கில் செய்து பார்க்கலாமா?

வெளிநாடு எதற்கு, இங்கேயே வண்டியில் வாழ்ந்து வேலை செய்யலாமே என்று சிலர் கேட்கலாம். கேம்பர்வேன்களை வாடகைக்கு எடுக்கும் வழக்கம் இங்கும் வந்துவிட்டது. இங்குச் சிக்கல் குளிரன்று, வெப்பம். ஒரு குதிரைத்திறன் குளிர்சாதனம் இரவில் 8 மணி நேரம் இயங்கினால் ஏறத்தாழ 3,800 வாட்-மணி செலவாகும். மேலே கண்ட 1,200 வாட்-மணி வரவு அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சொந்தமாக வேனை மாற்றியமைக்க விரும்பினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும்.

நிறுத்தும் இடமும் முக்கியம். 2021 டிசம்பரில் பெய்த மழையில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளும் கார்களும் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. வண்டிக்குச் சக்கரம் இருக்கிறது என்பதற்காக வெள்ளம் காத்திருக்காது. ஆற்றோரத்தையும் தாழ்நிலத்தையும் தவிர்க்க வேண்டும்.

பாட்டியின் கேள்வி

இனிப் பாட்டியின் கேள்விக்கு வருவோம். பாட்டி பிறந்தது கிள்ளானுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில். லயம் என்பது வேலையோடு சேர்ந்து வந்த வீடு. பால் மரம் வெட்டும்வரை வீடு உண்டு. வேலை நின்றால் வீடும் நிற்காது. தோட்டம் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டபோது ஒரே நாளில் வேலையும் வீடும் போன குடும்பங்கள் நம் சமுதாயத்தில் பல. பாட்டியின் குடும்பமும் அதில் ஒன்று. பிரிக்பீல்ட்ஸிலும் இரயில்வே, அரசாங்க ஊழியர்களின் குடியிருப்புகள் அப்படித்தான் இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவாட்டர்ஸ்' இன்று இல்லை. அங்கே வளர்ந்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கிறது.

பாட்டி கேட்டது இதைத்தான். சம்பளத்தில் வாடகை கட்டி ஓட்டும் ஆர்.வி. தோற்றத்தில் சுதந்திரம்; அடிப்படையில் அதுவும் ஒரு லயமே. வேலை போன மாதமே வண்டியைத் திருப்பித் தர வேண்டும். கடன் வாங்கி வண்டி வாங்கியிருந்தாலும் அதே நிலைதான். வேலை போனாலும் போகாத கூரை ஒன்று எங்கேயாவது இருக்கும்போதுதான் சக்கர வாழ்க்கை நாமே தேர்ந்தெடுத்த வாழ்க்கையாக இருக்கும். அந்தக் கூரைதான் எல்லாவற்றிலும் பெரிய சேம அச்சு.

முடிவுரை

தம்பி திட்டத்தைக் கைவிடவில்லை, சுருக்கிக்கொண்டான். 6 மாதம் 2 மாதமாயிற்று. அரிசோனாவுக்குப் பதில் கனடாவின் வான்கூவர் தீவு. அங்கே மழை அதிகம், வெயில் குறைவு. ஆகவே மின் இணைப்புள்ள முகாம் மட்டுமே. நேர வேறுபாடு அங்கும் பெரிது. இரவு வேலையைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டான். பிரிக்பீல்ட்ஸ் அறையை விட்டுவிட்டுப் பொருள்களைப் பாட்டி வீட்டில் வைக்கப்போகிறான். 4 மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல் ஒதுக்கியிருக்கிறான். விசாவுக்கும் விண்ணப்பித்துவிட்டான், நிறுவனத்திற்கும் கடிதம் கொடுத்துவிட்டான். இரண்டு பதில்களுக்கும் காத்திருக்கிறான்.

பாட்டியிடம் இதையெல்லாம் சொன்னோம். "அப்ப வேல போனா இங்க வந்துருவான்ல? சரி, போயிட்டு வரட்டும்," என்றார். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. உங்கள் ஒரு நாள் மின்சாரத் தேவையை வாட்-மணியில் கணக்கிடுக. குளிர்சாதனத்தைத் தனியே காட்டுக.
2. இலண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் கிள்ளானிலிருந்து வேலை செய்தால், குளிர்காலத்தில் 8 மணி நேர வேறுபாட்டில் உங்கள் தூக்க நேரம் எது?
3. நாளை வேலை போனால் எத்தனை மாதம் தாக்குப்பிடிப்பீர்கள்? உங்கள் சேம அச்சு எது? இதனை வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் விடையையும் எழுதுக.